வீட்டு விலாசமும் உத்தியோக விலாசமும்

மைசூர் நகரின் பழைய பகுதிகளுள் ஒன்று மண்டி மொஹல்லா. மண்டி என்ற சொல்லுக்குத் தமிழர் எவருக்கும் விளக்கம் வேண்டுவதில்லை. அரிசி மண்டியும் வாழைக்காய் மண்டியும் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் உள்ளன. கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கிக் கலந்து நிற்கும் இத்தகைய தெருக்களில், முன்புறம் கடையும் பின்புறம் வீடுமாக வாழும் வியாபாரி ஓர் ஒழுங்கைத் தவறாமல் கடைப்பிடிப்பார். விலை விசாரிப்பவரும் சரக்குக் கேட்பவரும் கடை வாயிலில் நிற்பர். வீட்டு வாயிலுக்கு உறவினரும் பழகியவருமே வருவர். கடைப் பலகையில் வீட்டுச் சாவியை மாட்டி வைக்கும் வியாபாரி ஒருவரும் இலர்.

இப்பகுதியில் குடியிருந்து, நகரப் பள்ளியொன்றில் பணியாற்றும் ஓர் ஆசிரியரை உதாரணமாகக் கொள்ளலாம். அவருக்கு உள்ள மின்னஞ்சல் விலாசம் ஒன்றே ஒன்று. வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, ரயில் பயணச்சீட்டு, மகளின் கல்லூரி விண்ணப்பம் ஆகிய யாவும் அவ்விலாசத்துடன் பிணைக்கப்பட்டுள்ளன. வேறு எந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அவர் மறந்தாலும், அதைப் புதுப்பித்துத் தரும் கடிதம் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேரும். வீட்டுச் சாவிகள் அனைத்தும் தொங்கும் ஆணி போன்றது அவ்விலாசம். அதே விலாசம், அவருடைய கைபேசி எண்ணோடு, பள்ளியின் இணையதளத்திலுள்ள ஆசிரியர் பட்டியலில் காணப்படுகிறது. பயிற்சி முகாமுக்குச் சென்றவர்களின் பட்டியலிலும் அது உண்டு. விஞ்ஞானக் கண்காட்சி பற்றிய சுற்றறிக்கையில், விவரங்களுக்கு எழுதவேண்டிய விலாசமும் அதுவே. இவற்றுள் ஒன்றையேனும் அவர் தாமாக வெளியிட்டவர் அல்லர். கேட்ட இடத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்; அவ்வளவே.

வேண்டாத கடிதங்களிலிருந்தும் மோசடிக் கடிதங்களிலிருந்தும் தப்புவது எங்ஙனம் என்று இக்காலத்தில் எழுதப்படும் அறிவுரைகள் மிகப் பல. அவை யாவும் இவ்வாசிரியரை நோக்கியே பேசுகின்றன. அறியாதவர் அனுப்பிய இணைப்பைத் தொடாதீர், கடவுச்சொல்லை எவருக்கும் கூறாதீர், விலாசத்தைக் கண்ட இடத்தில் கொடாதீர் என்கின்றன. இவை தவறான அறிவுரைகள் அல்ல. ஆயினும் அவருடைய விலாசத்தைப் பொதுச் சுவரில் எழுதி வைத்த பள்ளியையும் இலாகாவையும் நோக்கி ஒரு சொல்லும் கூறப்படுவதில்லை. பொறுப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

வேண்டாக் கடிதம் ஏன் இவ்வளவு பெருகிற்று என்பதை அறிய, தபாலின் வரலாற்றைச் சிறிது நோக்குவது பயன் தரும். மைசூர் சமஸ்தானத்தில் சிக்க தேவராஜ உடையார் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டில், 'அஞ்செ' என்னும் தபால் முறை ஏற்பட்டது. 1889ஆம் ஆண்டில் அது பிரிட்டிஷ் இந்தியத் தபாலுடன் இணைக்கப்படும் வரை நிலவி வந்தது. அஞ்செ என்ற கன்னடச் சொல்லும் அஞ்சல் என்ற தமிழ்ச் சொல்லும் ஓரினமானவை. இன்று மின்னஞ்சல் என்று வழங்கும்போது இப்பழஞ்சொல்லே மீண்டும் வழக்கில் நிற்கிறது. பிரிட்டனில் 1840க்கு முன்னர், கடிதத்துக்கான கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்து வந்தார். ரோலண்டு ஹில் என்பவரின் சீர்திருத்தத்தின் பயனாக அனுப்புபவரே முன்னதாகத் தபால்தலை வாங்கி ஒட்டும் முறை ஏற்பட்டது. இந்தியாவில் 1854ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே சீரான தபால் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அரையணாவாயினும் தன் கைப்பொருளைச் செலவிட வேண்டியிருந்தமையால், லட்சம் பேருக்குப் பொய்க் கடிதம் எழுத விரும்புபவன் ஒரு முறை கணக்குப் பார்த்தே தீரவேண்டியிருந்தது.

மின்னஞ்சல் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றி விட்டது. அனுப்புபவனுக்கு ஒரு கடிதமும் கோடிக் கடிதமும் ஏறக்குறைய ஒரே செலவுதான். அவற்றைப் பிரித்துப் பார்த்துத் தள்ளும் உழைப்பும், அவற்றுள் ஒன்றை நம்பி ஏமாறுவதால் வரும் நஷ்டமும் பெறுபவரைச் சாரும். 1978ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவிலிருந்த அர்ப்பாநெட் என்னும் கணிப்பொறி வலையில், ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். வேண்டா மின்னஞ்சலின் தொடக்கமாக இதனையே கூறுவர். அன்று எழுந்த கண்டனமே அவரைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது. வலையைப் பயன்படுத்தியவர் அக்காலத்தில் சிலரே.

லாபம் எவ்வளவு சிறியதாயினும் இத்தொழில் நடக்கும் என்பதை, கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டிற்று. அவர்கள் 'ஸ்டார்ம்' என்னும் குப்பைக் கடித வலையின் உள்ளே புகுந்து, அது அனுப்பிய மருந்து விளம்பரங்கள் சிலவற்றைத் தாம் அமைத்த போலிக் கடைக்குத் திருப்பி விட்டனர். 26 நாட்களில் சுமார் 35 கோடிக் கடிதங்கள் சென்றன. மருந்து வாங்க முற்பட்டவர் 28 பேர். ஒரு கோடிக்கு ஒருவர் என்ற விகிதம்கூடத் தேறவில்லை. எனினும் தபால்தலை ஒட்டாத கடிதத்துக்கு அதுவும் லாபமே. ஆகவே இத்தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள் ஒன்றுதான்: விலாசங்கள்.

விலாசங்களைச் சேகரிக்கும் முறை மிக எளியது. மின்னஞ்சல் விலாசத்தின் நடுவே 'ஆட்' என்னும் சுழிக்குறி நிற்கிறது. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் இக்குறியைத் தேர்ந்தெடுத்தார். இணையப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செல்லும் ஒரு நிரல், இக்குறியின் இருபுறமும் உள்ள எழுத்துக்களை எடுத்துக்கொண்டாற் போதும். 2003ஆம் ஆண்டில் வாஷிங்டனிலுள்ள ஜனநாயகம் மற்றும் தொழில்நுட்ப மையம் ஒரு சோதனை நடத்தியது. புதிய விலாசங்கள் பலவற்றை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஓரிடத்தில் மட்டும் பயன்படுத்தி, ஆறு மாதம் காத்திருந்தனர். வந்த குப்பைக் கடிதங்களில் மிகப் பெரும்பகுதி, பொது இணையப் பக்கங்களில் வெளியிட்ட விலாசங்களுக்கே வந்தது.

இந்திய அரசாங்க இணையதளங்களில் சுழிக்குறிக்குப் பதிலாக, சதுர அடைப்புக்குறிக்குள் 'ஆட்' என்றும், புள்ளிக்குப் பதிலாக 'டாட்' என்றும் எழுதும் வழக்கம் இருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். முன் கூறிய சோதனையில் இவ்வாறு மறைத்து எழுதிய விலாசங்கள் தப்பின. ஆனால் அது 2003இன் நிலைமை. அடைப்புக்குறிக்குள் உள்ள 'ஆட்' என்ற சொல்லைக் குறியாக மாற்றிக்கொள்ளும்படி நிரலுக்குக் கற்பிப்பது இன்று மாணவரும் செய்யக்கூடிய வேலை. மேலும் பட்டியல் கோப்பாக ஏற்றப்படும்போது இந்தச் சிறு வேலியும் பல இடங்களில் இடப்படுவதில்லை. பெயர், பதவி, பள்ளி, பாடம், கைபேசி எண், மின்னஞ்சல் என்று கட்டம் கட்டமாக ஒழுங்கு செய்த பட்டியலைவிட மோசடிக்காரனுக்கு உகந்த பொருள் வேறென்ன இருக்க முடியும்?

ஆராய்ச்சித் துறையினரின் விலாசங்கள் இன்னும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆராய்ச்சிக் கட்டுரையின் முதற் பக்கத்தில், தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் விலாசத்தை அச்சிடுவது உலகெங்கும் உள்ள மரபு. மைசூரில் 1950இல் தொடங்கப் பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமாயினும், 1969இல் நிறுவப் பெற்ற இந்திய மொழிகளின் மத்திய நிறுவனமாயினும், அங்கிருந்து வெளிவரும் கட்டுரைகளும் இம்மரபுக்கு உட்பட்டவையே. இதன் விளைவாக, கட்டுரை வெளிவந்த சில வாரங்களுக்குள், 'தங்கள் சிறப்புமிக்க ஆராய்ச்சியைப் படித்து வியந்தோம். எங்கள் சஞ்சிகைக்கும் எழுதுக' என்ற வகையில் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. பூச்சிகளைப் பற்றி எழுதியவரை இருதய வைத்தியச் சஞ்சிகை அழைப்பதும் உண்டு.

ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற பிரசுர நிறுவனத்தின்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016இல் தொடர்ந்த வழக்கு இதற்கு அறியப்பட்ட சான்றாகும். கட்டுரைகளை அறிஞர் பரிசோதிப்பதாகக் கூறியது உண்மையன்று என்பதும், கட்டணத்தை முன்னதாகத் தெளிவாகக் கூறவில்லை என்பதும், இசைவின்றி அறிஞர் பெயர்களை ஆசிரியர் குழுவில் சேர்த்தனர் என்பதும் குற்றச்சாட்டுகள். 2019 மார்ச் மாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்குச் சற்று அதிகமான தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. ஒரு கட்டுரையேனும் வெளிவந்தால் பதவி உயர்வு கிட்டும் என்ற நிலையில் இருக்கும் இளம் விரிவுரையாளரின் பெட்டிக்கு அத்தகைய அழைப்பு வந்து சேருமாயின், அதை அவர் குப்பை என்று தள்ளுவது எளிதன்று. இழப்பு கட்டணத்தோடு நிற்பதும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை நீக்கியபோது, அவற்றில் எழுதியவர்களின் உழைப்பும் அவற்றோடு மதிப்பிழந்தது.

பட்டியல்களால் விளையும் தீங்கின் மற்றொரு வகை, மேலதிகாரியின் பெயரில் வரும் கடிதம். தலைமையாசிரியரின் அல்லது இயக்குநரின் பெயரைத் தாங்கி, 'இப்போது ஓய்வாக இருக்கிறீரா? அவசரமான உதவி ஒன்று வேண்டும்' என்று ஒரு வரி வரும். பதில் சென்றவுடன், தாம் கூட்டத்தில் இருப்பதாகவும், பரிசுச் சீட்டுகள் சில வாங்கி அவற்றின் எண்களை அனுப்புமாறும் மறு கடிதம் வரும். இந்தியாவில் துணைவேந்தர்கள், நிறுவனத் தலைவர்கள் ஆகியோரின் பெயர்களில் இவ்வாறு கடிதங்கள் சென்றிருக்கின்றன. யார் யாருக்குக் கீழ் பணியாற்றுகிறார் என்பதை எழுதியவனுக்குத் தெரிவித்தது எது? பெரும்பாலும் இணையதளத்தில் உள்ள பட்டியலே. மேலதிகாரிக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டால் இந்த நாடகம் முடிந்து விடும். ஆனால் மேலதிகாரியைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பயிற்றுவிக்கப்பட்ட அலுவலகங்களில் அந்த ஒரு வார்த்தை எழுவதில்லை. எந்தப் பணக் கோரிக்கையையும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்வதைத் தாமே வரவேற்பதாகத் தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு முறை அறிவித்து விடுவது நலம்.

பெயரைப் போலியாக இட முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் எஸ்எம்டிபி என்னும் நெறி, ஜான் போஸ்டல் என்பவரால் 1982ஆம் ஆண்டில் வரையப் பெற்றது. அனுப்புநர் பெயரைச் சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. உறையின்மீது எவர் பெயரையும் எழுதித் தபால்பெட்டியில் இடுவதைப் போன்றது அது. பின்னர் மூன்று காவல்கள் சேர்க்கப்பட்டன. எஸ்பிஎஃப் என்பது, ஒரு நிறுவனத்தின் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள கணிப்பொறிகள் எவை என்ற பட்டியல். டிகிம் என்பது, வழியில் மாற்றப்படவில்லை என்பதற்குக் கடிதத்தின்மேல் இடும் கணித முத்திரை. டிமார்க் என்பது, இவ்விரண்டும் பொருந்தாக் கடிதத்தை என்ன செய்யவேண்டும் என்று பெறுபவருக்கு அந்நிறுவனமே கூறி வைக்கும் கட்டளை. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களும் அதற்கு மேலும் தன் பயனர்களுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கைக்கொள்ளவேண்டும் என்று கூகுள் வற்புறுத்துகிறது. ஆயினும் கடிதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையே முத்திரை உறுதி செய்கிறது. அவ்வீட்டார் யோக்கியரா என்பதை அது கூறாது. ஒரெழுத்து மட்டும் மாறிய பெயரில் புதிய வீடு ஒன்றை அமைத்து, அதற்கு முறையான முத்திரையும் பெற்றுக் கடிதம் எழுதுவது இயலும். கைபேசித் திரையோ அனுப்புநரின் பெயரை மட்டும் காட்டி, விலாசத்தை மறைத்து விடுகிறது. பெயரைத் தொட்டு முழு விலாசத்தையும் படித்துப் பார்க்கும் பழக்கம் இதனால்தான் வேண்டும்.

சொற்களைக் கொண்டு குப்பையைப் பிரிக்கும் வடிகட்டிகள், 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் நிகழ்தகவுக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு 2002ஆம் ஆண்டையொட்டிப் பரவலாயின. அவை பெரும் தொண்டு புரிகின்றன. ஆனால் நல்ல கடிதமும் சில வேளை குப்பைப் பெட்டியில் விழும். தேர்வுப் பணி உத்தரவு அங்கே கிடந்து, கடைசி நாள் கடந்த பின் கண்டெடுக்கப்படுவது ஆசிரியர் பலரும் அறிந்த துன்பமே.

சட்டத்தின் துணை எவ்வளவு என்பதையும் காணவேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், தொல்லை தரும் நோக்குடனோ பிறப்பிடத்தை மறைத்து ஏமாற்றவோ அனுப்பும் மின்னஞ்சலைக் குற்றமாக்கும் பகுதி இருந்தது. பேச்சுரிமைக்கு முரணானது என்று 2015 மார்ச் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அப்பிரிவு முழுவதையும் நீக்கியது. அதன் பிற பகுதிகள் இழைத்த தீங்கை எண்ணினால் அத்தீர்ப்பு நியாயமானதே. எனினும் வேண்டா மின்னஞ்சலைக் குறிப்பாகச் சுட்டிய பகுதியும் உடன் சென்றது. வணிகக் குறுஞ்செய்திகளுக்கும் அழைப்புகளுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. அவை மின்னஞ்சலைத் தொடுவதில்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கவேண்டும். பணம் கைமாறிச் செல்லுமுன் நிறுத்தி வைக்க முயல்வதற்கு அந்த முதல் சில மணி நேரமே வாய்ப்பு. வெட்கத்தால் ஒரு நாள் மறைத்தவர்கள் அவ்வாய்ப்பை இழக்கின்றனர்.

சட்டமும் வடிகட்டியும் முத்திரையும் தம்மால் இயன்றதைச் செய்யட்டும். விலாசங்களைப் பிரிப்பது அவற்றிற்கு முன்னரே செய்யத்தக்க காரியம். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மத்திய அரசாங்கம் 2015இல் வெளியிட்ட மின்னஞ்சல் கொள்கை, பதவியின் பெயரில் ஒன்றும் தனிப்பெயரில் ஒன்றுமாக இரு விலாசங்களுக்கு இடமளித்து, பொதுமக்களோடு தொடர்புடைய அதிகாரிகளுக்குப் பதவிப் பெயர் விலாசமே ஏற்றது என்று கூறியது. இவ்வளவு நல்ல விதி, தலைமை அலுவலகங்களின் வாசற்படியைத் தாண்டிக் கிராமத்துக்குச் செல்வது அரிதாக இருப்பதே வருந்தத்தக்கது. மண் மாதிரி எடுக்கும் பணியாளரும், தடுப்பூசி முகாம் நடத்துபவரும், அரசு உதவி பெறும் பள்ளியின் ஆசிரியரும் தம் சொந்த விலாசத்தையே உத்தியோகத்துக்கு இரவல் கொடுத்து வருகின்றனர்.

பொதுமக்களுக்குப் பணியாற்றுவோர் விலாசத்தை மறைப்பது கடமையை மறைப்பதாகாதா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. விவசாயிக்கு எட்டாத விரிவாக்கப் பணியாளர் இருந்தென்ன பயன்? ஆனால் விவசாயிக்கு எட்டவேண்டியது அப்பதவி. பணியாளர் வேறு வட்டத்துக்கு மாற்றப்பட்ட பின்னும் அவருடைய சொந்த விலாசத்துக்கே கேள்விகள் சென்றுகொண்டிருக்கும். புதிதாக வந்தவரோ ஒன்றும் அறியாமல் அமர்ந்திருப்பார். பதவிப் பெயரில் விலாசம் இருப்பின் பழைய கடிதங்களும் புதியவர் கைக்கு வரும். செலவு பற்றிய தடையும் பெரிதன்று. தனிக் களப்பெயர் வாங்க இயலாத சிறு பள்ளியும், பள்ளியின் பெயரில் இலவசமாக ஒரு விலாசம் அமைத்துக்கொள்ளலாம். அதன் கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் மனத்தில் வைத்திராமல், பொறுப்பு ஒப்படைக்கும் பதிவேட்டோடு மாற்றிக் கையளிக்கவேண்டும். இரண்டாம் படி உறுதிப்பாட்டுக்குரிய கைபேசி எண்ணையும் அப்போதே மாற்றவேண்டும். இதை மறந்து, ஓய்வு பெற்றவரின் கைபேசிக்கே எண் சென்றுகொண்டிருக்கும் பள்ளிகள் பிறகு படும் பாடு பெரிது.

பள்ளி செய்யும் வரை ஆசிரியர் காத்திருக்கவும் வேண்டியதில்லை. வங்கிக்கும் வரிக்கும் குடும்பத்துக்கும் ஒரு விலாசம். கடைகள், போட்டிகள், பயிற்சி முகாம்கள், படிவங்கள் ஆகியவற்றுக்கு வேறொன்று. முதலாவதை எப்பட்டியலிலும் எழுதலாகாது. கவனமானவரின் விலாசமும் பிறர் கவனக்குறைவால் வெளியேறும் என்பதற்கு, 2020இல் பிக்பாஸ்கெட் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடிப் பேரின் விவரங்களும், 2021இல் ஏர் இந்தியா அறிவித்தவாறு 45 லட்சம் பயணிகளின் விவரங்களும் வெளிப்பட்டமை சான்று. அப்போது வெளியேறுவது இரண்டாவது விலாசமாக இருப்பின், வங்கியின் பெயரால் அங்கு வரும் கடிதம் தன் பொய்மையைத் தானே காட்டிவிடும். வங்கிக்குத்தான் அவ்விலாசம் தெரியாதே. இது சிறிய நன்மை அன்று. குப்பைக் கடிதத்துக்கு 'இனி அனுப்பாதீர்' என்று பதில் எழுதுவது மட்டும் வேண்டாம். அப்பெட்டியை ஒருவர் படிக்கிறார் என்ற செய்தியை அது இலவசமாகத் தருகிறது. கடிதத்திலுள்ள படங்கள் தாமே திறந்துகொள்வதையும் நிறுத்தி வைக்கலாம். படம் எடுக்கப்படும் வேளையில் கடிதம் திறக்கப்பட்ட செய்தி அனுப்பியவனுக்கு எட்டிவிடும்.

இனி எஞ்சியிருப்பவை பழைய பட்டியல்கள். ஐந்தாண்டுக்கு முன் நடந்த பயிற்சி முகாமின் பெயர்ப்பட்டியலால் இன்று எவருக்கும் உபயோகமில்லை. ஆயினும் அது இணையத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. அதில் பெயர் உள்ள ஆசிரியரால் அதை எடுக்க முடியாது. ஏற்றிய அலுவலகமே எடுக்கவேண்டும். எடுத்த பின்னும் தேடுபொறிகளின் நகல்களில் சில நாள் அது தங்கியிருக்கும். அவற்றையும் நீக்குமாறு தேடுபொறி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. தம் பெயர் எந்தெந்தப் பட்டியலில் உள்ளது என்று ஆசிரியர் ஒருவர் தேடிப் பார்த்து, அலுவலகத்துக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்பினால், அதனைப் பெறும் எழுத்தர் கோப்பை நீக்க யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்பது பெரும்பாலான அலுவலகங்களில் இன்னும் வகுக்கப்படவில்லை. அதை வகுப்பதற்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.